சிட்டி நோட்டீஸ் வந்தா பதறாதீங்க, வராம இருக்க என்ன செய்யணும்னு சொல்றோம்

வணக்கம்ங்க,

போன வருஷம் நம்மகிட்ட நேட்டிவ் செடி (இந்த ஊர் மண்ணுலயே இயற்கையா வளர்ற செடி) வாங்கி வச்சவங்கள்ல சில பேர் கோடை நடுவுல ஒரே கேள்வியோட கூப்பிட்டீங்க. "மினசோட்டாவுல இந்த மாதிரி தோட்டம் வச்சுக்கலாம்னு சட்டமே இருக்குன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்படிங்க எல்லாத்தையும் வெட்டுங்கன்னு சிட்டியிலேர்ந்து நோட்டீஸ் வருது?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றதை விட எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடலாம்னு தோணுச்சு, ஏன்னா இந்த சீசன்லேர்ந்து நாங்க வேலை எடுக்குற முறையையும் மாத்துறோம், அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியணும்.

சட்டம் இருக்கு, அது நிஜம். 2023-ல வந்தது. வீட்டுக்காரங்க தங்களோட இடத்துல திட்டம் போட்டு நட்டு பராமரிக்கிற இயற்கைத் தோட்டத்தை சிட்டி அனுமதிச்சே ஆகணும், செடி எட்டு இன்ச்சைத் தாண்டலாம், பூத்து விதை கட்டியும் நிக்கலாம். ஆனா அதே சட்டத்துல இன்னொரு வரியும் இருக்கு, அதைத்தான் நிறைய பேர் கவனிக்கல: லான் புல்லை வெட்டாம அது பாட்டுக்கு வளர விட்டா அது இயற்கைத் தோட்டக் கணக்குல வராது. நியாயம்தான்னு எனக்குப் படுது. நம்ம லான்ல இருக்குற கென்டக்கி புளூகிராஸ் பேர்லதான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாவுலேர்ந்து, அதை இடுப்பளவுக்கு வளர்த்தாலும் இந்த ஊர் தேனீக்குப் பெரிசா ஒண்ணும் கிடைக்காது.

ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன். நோட்டீஸோட போட்டோவை அனுப்பிட்டு அந்த அம்மா அழாத குறையா பேசினாங்க, மூணு வருஷமா பார்த்துப் பார்த்து வளர்த்ததை எல்லாம் வெட்டச் சொல்றாங்களேன்னு. நேர்ல போய்ப் பார்த்தா பாத்தி அவ்வளவு அழகா இருக்கு, பிளேசிங் ஸ்டார் ஊதாவா நிக்குது, ஒரு பூவுல மூணு மோனார்க் பட்டாம்பூச்சி. பிரச்சினை பாத்தியில இல்லைங்க. பாத்திக்கும் நடைபாதைக்கும் நடுவுல ரெண்டு அடி அகலத்துக்கு லான் புல் வெட்டாம கிடந்து, கதிர் விட்டு பாத்திக்குள்ளயே சாஞ்சிருந்துச்சு. ரோட்டுல நின்னு பார்க்குறவங்களுக்கு எது செடி எது புல்லுன்னு எப்படித் தெரியும்? அன்னைக்கே அந்தப் பட்டையை வெட்டி, கல்லு வச்சு வரப்பு கட்டி, என்னென்ன செடின்னு ஒரு தாள்ல எழுதி போட்டோவோட சிட்டிக்கு அனுப்பினோம், அதோட முடிஞ்சுது. அந்த வரப்பை நாங்க நடும்போதே போட்டுக் கொடுத்திருக்கணும், போடாம விட்டது எங்க தப்பு.

அதனால இனிமே எந்தப் பாத்தி போட்டாலும் வரப்பு அதுலயே சேர்த்தி, தனியா கேட்க வேண்டாம். செடிப் பட்டியலும் பாத்தியோட வரைபடமும் கையில கொடுத்துடுவோம், பத்திரமா வச்சுக்கோங்க.

ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்புக்கு விதி போடுற வீட்டுக்காரங்க சங்கம், இருக்குற வீடுன்னா விஷயம் வேற. அந்த 2023 சட்டம் கட்டுப்படுத்துறது சிட்டியைத்தான், உங்க ஹெச்ஓஏ விதி தனியா நிக்கும். மேரிலாண்ட்ல 2021-லயே ஹெச்ஓஏக்களையும் சேர்த்து சட்டம் போட்டாங்க, அது அங்க. அதனாலதான் அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஹெச்ஓஏ பேப்பரைக் கேட்கப் போறோம், தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க, நட்டுட்டுப் பிடுங்குறதை எங்களால பார்க்க முடியாது.

அப்புறம் நெருஞ்சி மாதிரி முள்ளா வர்ற கனடா திசில். இது மாநிலத்தோட தடைக் களைப் பட்டியல்ல இருக்கு, இயற்கைத் தோட்டம்னு சொல்லியும் வச்சிருக்க முடியாது, விதை காத்துல பறக்குறதுக்குள்ள எடுத்தாகணும். ஆனா முள்ளுச் செடி எல்லாத்தையும் பிடுங்கிடாதீங்க, நேட்டிவ் திசிலும் இருக்கு. இலையைத் திருப்பிப் பாருங்க, நம்ம ஃபீல்டு திசிலுக்கு அடிப்பக்கம் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா இருக்கும், கனடா திசிலுக்குப் பெரும்பாலும் பச்சைதான். சந்தேகம்னா பிடுங்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. மில்க்வீட் பேர்ல வீட், அதாவது களைன்னு இருக்கேன்னு ஒருத்தர் அந்தச் செடியை வெட்டிட்டார், மோனார்க் புழுவுக்கு அதை விட்டா வேற சாப்பாடே கிடையாதுங்க.

நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற பூலேவார்டுலயும் கார்னர் வீட்டு முனையிலயும் உயரத்துக்கு ஒவ்வொரு சிட்டியும் தனி விதி வச்சிருப்பாங்க, வண்டி ஓட்டுறவங்களுக்கு மறைக்கக் கூடாதுன்னு. அங்க பிரெய்ரி டிராப்சீடு மாதிரி குட்டையான நேட்டிவ் புல்தான் போடுவோம், ஆளுயரம் வளர்றது வேணும்னு கேட்காதீங்க. நீங்களே தோண்டுறதா இருந்தா சில நாள் முன்னாடியே 811-க்கு கூப்பிட்டுச் சொல்லிடுங்க, இலவசம்தான், கேஸ் லைன் எங்க போகுதுன்னு வந்து குறிச்சுக் கொடுப்பாங்க.

காஞ்ச தண்டை இலையுதிர் காலத்துலயே வெட்டிடாதீங்க, குச்சிக்குள்ள கூடு கட்டுற தேனீ இருக்கு. வசந்தத்துல ஒரு அடி, ஒன்றரை அடி விட்டுட்டு மேல மட்டும் வெட்டினா போதும், புதுத் தழை வந்து மறைச்சிடும். அந்த நேரத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஏதாவது கேட்டா முகம் சுளிக்காம கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, நோட்டீஸ்ல பாதி அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குதுன்னு எங்களுக்கு ஒரு எண்ணம்.

ஏற்கனவே நம்மகிட்ட பாத்தி போட்டவங்க யாருக்காவது வரப்பு இல்லைன்னா, பனி கரைஞ்சதும் ஒரு மெசேஜ் போடுங்க, காசு வாங்காம வந்து போட்டுத் தர்றோம். நோட்டீஸ் கையில இருந்தா அதுல போட்டிருக்குற கடைசித் தேதியையும் சேர்த்து அனுப்புங்க, அவங்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவோம்.