அந்த அலமாரியின் சாவியைக் கொடுங்கள் ஐயா

எங்கள் குருவானவர் ஐயாவுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஆலயத்துக்கு வெள்ளையடித்தபோது புத்தக அலமாரியை நகர்த்த வேண்டி வந்தது. சாவி யாரிடம் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொண்டியைக் கழற்றித்தான் திறந்தோம். கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். நான் கையில் எடுத்த ‘மோட்சப் பிரயாணம்’ அட்டை மட்டும்தான் புத்தகமாக இருந்தது, உள்ளே மண். மேல்தட்டில் முப்பது நாற்பது நல்ல நிலையில் தப்பியிருந்தன. வேலை முடிந்ததும் புதுப் பூட்டு வாங்கி மறுபடி பூட்டிவிட்டோம். அதுதான் என்னை எழுத வைத்தது.

அதே ‘மோட்சப் பிரயாணம்’ என் அம்மாவிடமும் இருந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பரிசாக வந்தது. (இப்போது நாம் பரிசுக்கு டிபன் பாக்ஸ் கொடுக்கிறோம்.) அந்தக் கதையின் நாயகன் கிறிஸ்தியான் சேற்றுக்குழியில் விழுந்து, முதுகுச் சுமையால் எழ முடியாமல் தவிக்கிறான். கூட வந்தவன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறான். வேறொருவன் வந்து கைகொடுத்துத் தூக்குகிறான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அம்மா பென்சிலால் ‘நான் யாருக்கு?’ என்று எழுதி வைத்திருந்தார். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் கடன் தாளாமல் ஊரைவிட்டுப் போனபோது அந்த வீட்டுப் படியை மிதிக்கவே எல்லோரும் தயங்கினார்கள். அம்மா மட்டும் தினமும் சாயங்காலம் போய் அந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அந்தப் பக்கத்துக்கும் அந்தப் படிக்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

“வேதம் இருக்கும்போது மற்றப் புத்தகம் எதற்கு?” என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான பயம்தான். வேதத்தின் இடத்தில் எதையும் வைக்க நான் கேட்கவில்லை. ஆனால் பவுல் அப்போஸ்தலர் காவலில் இருந்தபடி தம் சீடன் தீமோத்தேயுவிடம் மேலங்கியோடு சேர்த்துப் புஸ்தகங்களையும் அல்லவா கொண்டுவரச் சொன்னார்!

நம் திருநெல்வேலிச் சீமையில் இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? சிறையில் இருந்த ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்த அந்த ‘மோட்சப் பிரயாண’க் கதையைத்தான் நம் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காவியமாக்கினார், 1894-இல். அதற்கும் முன்னூறு வருஷத்துக்கு முன்பே, 1578-இல், கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம். அதை அச்சிட்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளாரின் தமிழ் அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்தார்கள். கடலில் மூழ்கிச் சம்பாதித்த காசு ஐயா அது.

சரி, என்ன கேட்கிறேன்? ஞாயிறு ஆராதனை முடிந்து அரைமணி நேரம் அலமாரி திறந்திருக்கட்டும். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு புத்தகத்திலிருந்து நாலு பக்கம் யாராவது சத்தமாக வாசிக்கட்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்படும் அம்மாமார்களுக்கும் அப்போது அது கிடைக்கும். வாசித்ததை வைத்துத் தயவுசெய்து வினாடி வினா மட்டும் வேண்டாம். மனப்பாடத்துக்கு நம்மிடம் போட்டிகள் ஏற்கெனவே நிறைய. அதற்குப் பதில், இந்த வாரம் யார் வீட்டுக்குப் போகலாம், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பேசுவோம். அப்புறம், அறுப்பின் பண்டிகை ஏலக் காசில் கொஞ்சம் ஒதுக்கினால் கரையான் தின்ற புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிடலாம்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அலமாரி பக்கத்தில் நிற்பேன். தூசி துடைக்கத் துணி நானே கொண்டு வருகிறேன். சாவியை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபை அங்கத்தினன்