உளுத்த தூணைப் பிடுங்கி எறியாமல் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பழுது பார்த்த பழைய வீட்டுக்கு ஒருவழியாகக் குடிவந்துவிட்டோம். மாடியில் ஒரு அறைக்கு இன்னும் தரை போடவில்லை, மழை பெய்தால் பின்பக்கக் கதவு உப்பிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது, ஆனாலும் அடுப்பு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, இப்போதைக்கு அது போதும். ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி சொல்லப் போனால் கண்டிப்பாக யாரையாவது விட்டுவிடுவேன் என்று மனைவி சொன்னாள், அதனால் பொதுவில் எழுதுகிறேன். ஊர்க்காரர்களுக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று. இது டிரெஸ்டனிலிருந்து வந்து சேற்றில் நின்ற நம் ஆட்களுக்கும், "அந்தக் காட்டில் போய் எதற்குடா பழைய வீடு" என்று திட்டிக்கொண்டே பணம் அனுப்பிய சித்தப்பாவுக்கும்.

சித்தப்பா, அது காடு இல்லை, ஊர். ஓபர்குன்னர்ஸ்டோர்ஃப் என்று பெயர். ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தின் தென்கிழக்கு மூலை, செக் எல்லையும் போலந்து எல்லையும் கூப்பிடு தூரத்தில். 2013-இல் அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்த்து கோட்மார் என்று ஒரே ஊராட்சி ஆக்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற 583 மீட்டர் மலையின் பெயர் அது, பெர்லினுக்குள் ஓடுகிறதே ஸ்ப்ரே ஆறு, அதன் ஊற்றுகளில் ஒன்று அந்த மலையில்தான் இருக்கிறது. இந்தச் சின்ன ஊரில் மட்டும் எங்கள் வீடு மாதிரி சுமார் 250 உம்கெபிண்டே வீடுகள் இருக்கின்றன. மூன்று நாட்டு எல்லையையும் சேர்த்தால் சுமார் 19,000 என்று கணக்குச் சொல்கிறார்கள்.

உம்கெபிண்டே என்றால் என்ன என்று வந்தவர்கள் எல்லாருமே கேட்டீர்கள், அன்றைக்குக் கை முழுக்கக் களிமண்ணாக இருந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு நடுவில் நடை. நடைக்கு ஒரு பக்கம் தடித்த மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய அறை, குளிருக்கு அடக்கமானது. மறுபக்கம் கல்லால் கட்டியது, முன்பு மாடு கட்டுகிற இடம். இதுவரை விசேஷம் ஒன்றும் இல்லை. அந்த மர அறையின் வெளிப்பக்கத்தில், அறைச் சுவரை நம்பாமல், தனியாக ஒரு வரிசை மரத்தூண்கள் நிற்கும், தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் வளைந்த தாங்குகட்டைகள், பார்த்தால் மரத்தில் செய்த வளைவு மண்டபம். மாடி, கூரை எல்லா எடையும் அந்தத் தூண்கள் மேல்தான். மர அறை உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு லினன் தறி ஓடிய ஊர்கள்; தறி அதிர்ந்தால் மாடி ஆடக்கூடாது என்றுதான் இப்படிப் பிரித்துக் கட்டினார்கள் என்று எல்லாச் சுற்றுலாத் தாளிலும் போட்டிருக்கும். வீடுகளை ஆராய்கிறவர்கள் அதை அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. சூடு தங்குகிற மர அறையும் வேண்டும், மேலே எடை குறைந்த சட்டக மாடியும் வேண்டும், இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க வழி தேடியபோது வந்தது என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

சரி, நன்றிக்கு வருகிறேன். முதல் நன்றி தச்சருக்கு.

தெருப்பக்கத்துத் தூண்களின் அடி உளுத்திருந்தது. முன்பு யாரோ தூண்களின் காலைச் சுற்றி சிமெண்ட் பூசிவிட்டார்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி வெளியே வர வழியில்லாமல் மரத்தைத் தின்றுவிட்டது. நாங்கள் முதலில் கூப்பிட்ட ஒப்பந்தக்காரர் (பெயர் வேண்டாம்) பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாத் தூணையும் எடுத்துவிடலாம், இரும்பு நிறுத்தலாம், வெளியில் பலகை அடித்தால் யாருக்கும் தெரியாது என்றார். விலையும் கண்ணைக் கட்டியது.

நம் தச்சர் வந்த அன்றைக்கு ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு குத்தூசியும்தான் கொண்டுவந்தார். ஒவ்வொரு தூணையும் அடியிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே மேலே போனார். கீழே பொத்பொத்தென்று சத்தம், முழங்கால் உயரத்துக்கு மேலே கணீரென்று மாறிவிட்டது. மாறின இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. "இதுக்குக் கீழேதான் நோய், மேலே இருக்கிறது நம்மை விட ஆரோக்கியம்" என்றார். அப்புறம் உத்தரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து மாடியை நூலளவு நூலளவாகத் தூக்கி, உளுத்த அடியை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்து, அதே சாய்வில் புது ஓக் கட்டையைச் செதுக்கிக் கோர்த்து, குறுக்கே மரமுளை அடித்தார். ஆணி ஒன்றுகூட இல்லை. அடிக்கல்லையும் தண்ணீர் நிற்காதபடி லேசாகச் சரித்து வைத்தார். ஜாக்கியை இறக்கும்போது வீடு முழுவதும் ஒரு முனகல் முனகியது பாருங்கள், எனக்குக் கை கால் உதறிவிட்டது, அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். புது மரத்துக்குச் சாயம் அடித்துப் பழசு போல ஆக்கவும் விடவில்லை. ஒட்டு தெரியட்டும், பின்னால் வருகிறவனுக்கு எது எப்போது செய்தது என்று புரியவேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் இப்போது அதுதான் கட்சி.

அடுத்தது மாவட்ட நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்து அம்மணிக்கு. நம் நண்பர்கள் வட்டத்தில் இந்த அலுவலகம் என்றாலே "ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கணுமாம்" என்ற பேச்சுதான். ஜெர்மனியில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க நாடு முழுவதுக்கும் ஒரே சட்டம் கிடையாது, மாநிலத்துக்கு ஒன்று. சாக்சனியின் சட்டம் 1993-இல் வந்தது. இங்கே ஒரு கட்டடம் பட்டியலில் ஏறினால்தான் பாதுகாப்பு என்பதும் இல்லை, அதற்குரிய தகுதி இருந்தாலே சட்டம் பிடித்துக்கொள்ளும், பட்டியல் வெறும் பதிவுதான். இதைக் கேட்டு நாங்கள் மிரண்டுபோய்த்தான் இருந்தோம். வந்தவரோ பூட்ஸ் போட்டுக்கொண்டு நேராகப் பரணுக்கு ஏறினார். ஜன்னல் சட்டத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டதற்கு, பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குப் படிப்படியாகச் சுரண்டிக் காட்டினார். மேலே பழுப்பு, அதற்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல், கடைசியில் மரத்தை ஒட்டி ஒரு கரும்பச்சை. அந்தப் பச்சையைத்தான் ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அடித்திருக்கிறோம்.

அவர் செய்த இன்னொரு உபகாரம், வேலையில் கை வைப்பதற்கு முன்னால் எங்களை உட்காரவைத்து வரி விஷயத்தைச் சொன்னது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் சொந்தமாகக் குடியிருக்கிறவர், அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்ட வேலைகளுக்கு ஆகும் செலவில் ஆண்டுக்கு 9% வீதம் பத்து ஆண்டுகள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆக 90%. ஆனால் முன்கூட்டியே பேசியிருக்கவேண்டும், வேலையை முடித்துவிட்டு ரசீதை நீட்டினால் நடக்காது. யாராவது இப்படி வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கடன் கேட்டுப் போன ஒரு வங்கியில் "நினைவுச்சின்னமா, வேண்டாம்" என்று கோப்பையே மூடிவிட்டார்கள். இன்னொரு வங்கியில் கொடுத்ததற்கு இந்தக் கணக்கை எழுத்தில் காட்டியதும் ஒரு காரணம்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மாடிச் சுவரில் மீன் செதில் மாதிரி பதித்திருக்கும் சிலேட்டுக் கற்களில் ஒரு பெரிய பகுதி விழுந்திருந்தது. புதுக்கல் வாங்கலாம், ஆனால் அந்தப் பழைய நிறமும் அளவும் அமையாது. ஒருநாள் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், வா என்று கையை ஆட்டிக் களஞ்சியத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். சாக்குக்கு அடியில் அடுக்கடுக்காகப் பழைய சிலேட்டு. கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டுமானச் சாமான் எதுவும் சுலபத்தில் கிடைக்காது, இடிக்கிற வீட்டிலிருந்து எடுத்ததை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு பிள்ளைகள் வேலை தேடி மேற்கே போய்விட்டார்கள், கற்கள் அங்கேயே இருந்துவிட்டன. காசு வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தோம், ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறாராம், நான் எதுவும் சொல்லவில்லை. பாட்டியைப் பற்றி இன்னொன்று: இந்தப் பக்கத்துப் பேச்சில் 'ர' வருகிற இடத்தில் நாக்கை மடித்துக் கிட்டத்தட்ட நம் 'ழ' போலவே சொல்வார்கள். டிரெஸ்டன்காரர்களே கேலி செய்கிற உச்சரிப்பு அது. என் மகளுக்கு அது சட்டென்று வந்துவிட்டது, பாட்டிக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்புறம் நீங்கள். வேலை நாளெல்லாம் தூசி படாத அறையில் வெள்ளை உடுப்புக்குள் நின்று கணினிச் சில்லு செய்கிறவர்கள், சனிக்கிழமை வந்து பேண்ட்டை மடித்துவிட்டுக் களிமண் மிதித்தீர்களே, அந்தப் படங்களை உங்கள் மேலாளருக்கு அனுப்பத்தான் நினைத்தேன். களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், அவ்வளவுதான் கலவை. முதல் பூச்சு காய்ந்து வெடித்ததும் பாதிப் பேர் முகம் தொங்கிவிட்டது. அது வெடிக்கத்தான் வேண்டும், அந்த வெடிப்பில்தான் அடுத்த பூச்சு பிடித்துக்கொள்ளும். இப்போது வந்து பாருங்கள், வடக்குச் சுவர் வழவழவென்று இருக்கிறது. தெற்குச் சுவர் கொஞ்சம் மேடு பள்ளம்தான், அது குழந்தைகள் பூசியது, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். புளியோதரையும் தயிர்ச்சாதமும் அண்டா அண்டாவாகக் கட்டிக்கொண்டு வந்த அக்காவுக்குத் தனி நன்றி. தச்சர் இன்னும் "அந்த மஞ்சள் சோறு எப்போ" என்று கேட்கிறார், புளியோதரையைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

கடைசியாகச் சித்தப்பா. மயிலாடுதுறையில் உட்கார்ந்துகொண்டு மூன்று மாதம் "யோசிக்கிறேன்" என்றவர், தரங்கம்பாடி பாதிரியார் சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ், எங்கள் ஊர் இருக்கிற இதே மேல் லௌசிட்ஸ் வட்டாரத்தின் மேற்குப் பக்கத்து ஊர் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் இந்தப் பக்கத்துப் பையன்! கூடவே, எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹெர்ன்ஹூட்டின் மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்களும் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள்தான், அந்த ஹெர்ன்ஹூட் 2024-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னேன். மறுவாரம் பணம் வந்துவிட்டது. வட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா, அடுத்த கோடையில் உங்களை இரண்டு ஊருக்கும் கூட்டிப்போகிறேன், விசா வேலையை இப்போதே ஆரம்பியுங்கள்.

மே மாதக் கடைசி ஞாயிறு இந்தப் பகுதி முழுக்க உம்கெபிண்டே வீடுகளைத் திறந்து வைக்கும் நாள். நாங்களும் கதவைத் திறந்து வைக்கலாம் என்றிருக்கிறோம். பாட்டி கேக் செய்கிறார், தச்சர் ஒட்டுப்போட்ட தூண் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர்கள் கருங்கல் நிலையைத் தாண்டும்போது தலையைக் குனியுங்கள், எனக்கே இன்னும் பழகவில்லை, நெற்றியில் வீக்கம் இருக்கிறது.

இன்னொன்று, களிமண் கலக்கின அன்றைக்கு யாரோ ஒரு பச்சை நிறத் துளைக்கருவியையும் இடது கால் ரப்பர் பூட்ஸ் ஒன்றையும் விட்டுப்போயிருக்கிறீர்கள். நடையில்தான் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.