நடையில் நின்றவன்

இடையன்குடி,
லெந்து தவக்காலம், மூன்றாம் வாரம்.

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தேவகிருபையால் சுகம். உன் சுகத்திற்கு எழுதவும் என்று முன்பெல்லாம் எழுதுவேன். இப்போது நீ வாரத்துக்கு ஒருமுறை அம்மாவிடம் பேசிவிடுவதால் சுகம் விசாரிக்கவும் எனக்கு இடமில்லாமல் போயிற்று. நீ பேசும் நேரத்தில் நான் திண்ணையில்தான் இருக்கிறேன். "அப்பா எப்படி இருக்காங்க?" என்று நீ கேட்பதும், "இருக்காங்க" என்று அம்மா சொல்வதும் எனக்குக் கேட்கும். நான் தொலைபேசியில் பேசினால் ஆராதனை அறிவிப்பு வாசிப்பதுபோல இருக்கிறது என்று நீ ஒருமுறை சொன்னாய். ஆகையால் காகிதத்தில் எழுதுகிறேன்.

ராத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் படு. நீளமான சங்கீதம் முடியாவிட்டால் 117 இருக்கிறது, இரண்டே வசனம். கண் சொருகுமுன் முடிந்துவிடும். இதை நான் சொன்னபோது அம்மா சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அறைவீட்டுக்குள் பிரவேசித்து, கதவைப் பூட்டி, அந்தரங்கத்திலிருக்கிற பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே என்றேன். "மூணு பேர் படுக்கிற ஹாஸ்டல் அறையில, ஒருத்தி தூங்க ஒருத்தி முழிக்க, அவ எந்தக் கதவைப் பூட்டுவா?" என்று கேட்டாள் உன் அம்மா. முப்பத்தாறு வருஷம் வேதபாடமும் தமிழும் நடத்தியவனுக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் சங்கீதம் வாசி.

கிறிஸ்துமஸ் ஆராதனையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீ மூன்று நாள் லீவில், பாதித் தூக்கத்தோடு வந்திருந்தாய். அம்மா எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, இருட்டு விலகுமுன் எங்களோடு கோயிலுக்கு வந்தாய். கீர்த்தனைகளைப் புத்தகம் பாராமல் பாடினாய். பக்கத்தில் இருந்தவர், வாத்தியார் மகள் குரல் அப்படியே இருக்கிறது என்று என்னிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு உங்கள் வரிசை எழும்பியபோது நீ எழும்பவில்லை. காலை ஒருபக்கமாக ஒதுக்கி, அம்மாவுக்கு வழிவிட்டுவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திருவிருந்தில் சேருமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் வேதத்தின் பத்துக் கட்டளைகளையும் ஒரு சொல் பிசகாமல் சொன்ன பிள்ளை நீ. அன்று முழுதும் என்னால் சாப்பிட முடியவில்லை. வயிற்று உப்புசம் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் நீ சொல்ல வேண்டாம். வேறு மார்க்கமாகப் போய்விட்டாயோ, மனதில் யாரையாவது வைத்துக்கொண்டு எங்களிடம் சொல்ல முடியாமல் இருக்கிறாயோ என்று நான் பலவிதமாக எண்ணிப் பார்த்தேன் என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாதான் போன வாரம் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் உன் வார்டில் கிடந்தவர், விடியற்காலம் நாலு மணிக்கு நீ வெந்நீரில் அவர் கைகளை ஊறவைத்து நகம் வெட்டிவிட்டாய், உடம்பு துடைக்கும்போது மார்பிலும் பாதத்திலும் காய்ப்பு ஏறியிருந்ததைப் பார்த்து, "தாத்தா, பனையேறுவீங்களா?" என்று கேட்டாய், அவர் நம் பக்கத்து ஆள்தான் என்று தெரிந்தது. காலை டியூட்டிக்கு ஆள் வருமுன் அவர் போய்விட்டார் என்றும், "அதுக்கப்புறம் எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது அம்மா" என்று நீ சொன்னதாகவும் அம்மா சொன்னாள்.

அதைக் கேட்டதும் உனக்கு ஒரு நீண்ட புத்திமதி எழுத உட்கார்ந்தேன். நம் ஊரில் பிறந்தவளுக்குக் கால்டுவெல் ஐயரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை. அவர் 1841-இல் மிஷனரியாக இந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்தார். 1847-இல் தொடங்கிய ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. 33 வருஷம். அதற்கு நடுவே 1856-இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வெளிவந்தது. அவர் மனைவி எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் ரேந்தை என்கிற லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோயில் முடியட்டும் என்று அதுவரை யாரும் ஜெபிக்காமல் காத்திருக்கவில்லை, விசுவாசமும் அப்படித்தான், கல்மேல் கல்லாக எழும்பும், ஆகையால் சோர்ந்துபோகாதே என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது. மறுபடி வாசித்துப் பார்த்தபோது, சபையில் பேசக் கூப்பிட்டால் இதையே பேசலாமே என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன். கொடைக்கானலில் இறந்த கால்டுவெல் ஐயரை 1891-இல் இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். மாதந்தோறும் அந்த இடத்துக்கு அருகில் முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிறவன் நான். எப்படி வாங்கினேன் என்பதை உனக்குச் சொல்லாமல் கல்லைப் பற்றி எழுதி என்ன?

உனக்கு அப்போது ஒன்பது வயது. கரண்டு போயிருந்தது, அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து குடும்ப ஜெபம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த ஏழு பனை விவகாரத்தில் உன் சித்தப்பாவும் நானும் பேசாமல் இருந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று அவன் வந்தான். கையில் ஓலைப்பெட்டி இருந்தது. நாம் ஜெபத்தில் இருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைத்துண்டையும் எடுத்துவிட்டு, நடையிலேயே தலைகுனிந்து நின்றான். நான் ஜெபத்தை முடிக்கிற இடத்துக்கு வந்திருந்தேன். ஆமென் என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. சொல்லவில்லை. பேராயருக்காக ஜெபித்தேன். ஆளுகை செய்கிறவர்களுக்காக ஜெபித்தேன். நம் மண்ணிலிருந்து 1903-இல் தொடங்கிய மிஷனரி சங்கத்தையும், தெலுங்கு நாட்டு டோர்னக்கல் பக்கத்து ஊழியங்களையும், அங்கே பேராயராக இருந்த நம் வெள்ளாளன்விளை அசரியா ஐயரின் நாட்களையும் நினைவுகூர்ந்து ஸ்தோத்திரம் பண்ணினேன். ஆந்திர தேசம் வரைக்கும் போன என் ஜெபம், பத்தடி தூரத்தில் நின்ற என் தம்பியிடம் போகவில்லை. அவன் வெகுநேரம் நின்றான். பிறகு பெட்டியை ஓசைப்படாமல் படியில் வைத்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஆமென் சொன்னேன்.

நீ கண்ணைத் திறந்திருந்தாய். எனக்குத் தெரியும், நானும் திறந்திருந்தேன். விளக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ என்னைப் பார்த்தாய், உடனே கண்ணை மூடிக்கொண்டாய். ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்று அதற்கு முந்தின வாரம்தான் உன்னை அடித்திருந்தேன். இத்தனை வருஷமாக நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டியில் கருப்பட்டி இருந்தது, அவனே காய்ச்சியது. மறுநாள் காலை அம்மா அதில்தான் காப்பி போட்டாள்; குடித்தேன், நன்றாக இருந்தது. எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். அவனுக்குப் பனைதான் சம்பளம், அதில் ஏழு பனையை நான் அளந்து எடுத்துக்கொண்டேன். அந்தப் பெரியவர் மார்பில் நீ பார்த்த காய்ப்பு உன் சித்தப்பா மார்பிலும் இருந்தது. நீ சின்னவளாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்த்து, "சித்தப்பா, இது வலிக்குமா?" என்று கேட்டிருக்கிறாய்.

இன்னும் ஒன்று. உலை வைக்குமுன் அம்மா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவாள் அல்லவா? அந்த மாதம் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன், கனம் குறைந்திருந்தது. கர்த்தருக்கென்று எடுத்துவைத்ததில் கைவைக்கலாமா என்று சத்தம் போட்டேன். அம்மா பதில் பேசாமல் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். வந்த ஓலைப்பெட்டியை வெறுமையாய்த் திருப்பக் கூடாது என்று, அந்த அரிசியை அதில் நிரப்பிச் சித்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். இது எனக்குத் தெரியவந்தது, நீ பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம் சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ராத்திரி. அந்த அடக்க ஆராதனையில் வேதபாடம் வாசித்தவன் நான். அண்ணன் எவ்வளவு உருக்கமாக வாசித்தார் என்று ஊரில் சொன்னார்கள்.

அயலாரோடு அன்பும் சமாதானமும் உள்ளவர்கள் கிட்டி வரும்படி குருவானவர் அழைக்கும் அந்த அழைப்பு உனக்கு மனப்பாடம். அதைக் கேட்டுக்கொண்டே நான் எழுந்து போயிருக்கிறேன், மாதந்தவறாமல், அவன் உயிரோடு இருந்த காலத்திலும், அதற்குப் பிறகும். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலாவது உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிற வசனத்தை ஏழாம் வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. நீ ஒருநாள் எழும்பவில்லை. நான் எழும்பியிருக்கவே கூடாது.

இந்த மாதத் திருவிருந்து ஞாயிறன்று என் வரிசை எழும்பியபோது நான் உட்கார்ந்துகொண்டேன். எளிதாக இல்லை, மகளே. பக்கத்திலிருந்தவர் முழங்கால் வலியா என்று கேட்டார். காலை ஒதுக்கி வழிவிட்டேன், நீ செய்ததுபோல. பெண்கள் பக்கத்திலிருந்து சித்தி திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புளி குத்திக்கொண்டிருந்தாள். "வாங்க அத்தான்" என்று எழுந்து, கையைக் கழுவிவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஏழு பனையைப் பற்றிப் பேசவேண்டும் என்றுதான் போனேன், பேசவில்லை. மழை பெய்யாததைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன், அன்றைக்கும் வாய் வரவில்லை. சர்வேயரை வைத்து அந்தத் துண்டை அளந்து அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிடலாம் என்று எண்ணம், ஆனால் பத்திரம் எழுதுவதைவிட மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல்லைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாளைக்கும் போவேன். நீ ஜெபம் வரவில்லை என்று சொன்னதற்குப் பதில் இதுதானா என்று எனக்குத் தெரியாது. ஜெபம் எனக்கு எப்போதும் தாராளமாக வந்தது.

ஈஸ்டருக்கு லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் மனம் கலங்காதே. அந்த ராத்திரியில் வார்டில் ஆள் வேண்டுமே. கோயிலுக்கு வருவதும் வராததும் உன் பிரியம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. வந்தால் எனக்குச் சந்தோஷம். நீ சாப்பிடாமல் படுப்பதாக அம்மா கவலைப்படுகிறாள். எனக்கும் அதுதான் கவலை. சங்கீதம் வாசிக்காவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் படு.

சித்தி உனக்கென்று ஒரு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொடுத்திருக்கிறாள். திசையன்விளையில் பார்சல் போடுகிறேன். உன் அறையில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் கொடு. நீ வரும்போது பெட்டியை மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள். வெறும் பெட்டியாகக் கொண்டுவரக் கூடாதாம்.

இப்படிக்கு,
உன் அப்பா.