சங்க அலுவலக லேசர் பிரிண்டர்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனி காலை 10 மணிக்கு மெக்கானிக் வருகிறார். அதுவரை:

1. எழுத்து மங்கினால் மைத்தூள் பெட்டியான கார்ட்ரிட்ஜைக் கழற்றி, இடவலமாக 5, 6 முறை மெதுவாக அசைத்துப் போடுங்கள். அதிலுள்ள பளபளக்கும் டிரம்மில் (உருளை) விரல் படவேண்டாம், வெளிச்சத்திலும் வைக்கவேண்டாம்.
2. தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? மைத்தூளைத் தாளில் சூட்டால் ஒட்டவைக்கும் ஃப்யூசரில் சூடு போதவில்லை, அல்லது தாள் நமுத்திருக்கிறது. முதலில் புதுக் கட்டுப் பிரித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பெரும்பாலும் தாள்தான்.
3. ஒரே புள்ளி சுமார் 75 மி.மீ.க்கு ஒருமுறை விழுந்தால் டிரம்மில் கீறல். நம் கார்ட்ரிட்ஜில் டிரம் சுற்றளவு அவ்வளவு. துடைத்துப் பயனில்லை, மாற்றணும்.
4. டோனர் (மைத்தூள்) சிந்தினால் உலர்ந்த துணியால் துடையுங்கள்; கை, உடையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கெட்டுப்போன தாள்களைக் கிழிக்காமல் மேசையில் வையுங்கள், மெக்கானிக்குக் காட்டணும். எந்தக் கோளாறு என்று மேலுள்ள வரிசை எண்ணை மட்டும் வெள்ளி இரவு 8க்குள் இங்கே போடுங்கள்.