ஒரே நிறம் என்று விற்ற தொகுப்பில் மூன்று நிறங்கள் – புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர் (பெயர், ஆர்டர் விவரம், படங்கள் இணைப்பில்)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

பொருள்: அலங்காரச் சுவர்த் தொகுப்பில் ஷேடு வேறுபாடு, சரிசெய்து தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

எங்கள் வரவேற்பறையில் வெளிர் சாம்பலையும் ஆஃப்-வைட்டையும் விட்டால் வேறு நிறம் கிடையாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் களையில்லை. அதற்காகத்தான் உங்கள் தொகுப்பை வாங்கினோம். சோபாவுக்குப் பின்னால் உள்ள குறுகிய சுவருக்கு மயில்கழுத்து நிற எமல்ஷன், அதே நிறத்தில் குஷன் உறைகள், ஒரு ஜன்னல் திரை. அறையில் 60 சதவீதம் அடிப்படை நிறம், 30 சதவீதம் துணை நிறம், 10 சதவீதம் அழுத்தமான நிறம் என்று உங்கள் ஆலோசகர் படம் போட்டு விளக்கினார். அந்தக் கணக்கில் எனக்குக் குறையே இல்லை. குறையெல்லாம் நீங்கள் கொடுத்த அந்த 10 சதவீதத்தில்தான்.

முதலில் சுவர். இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் சற்றுக் கறுத்த இன்னொரு நிறம். கடைசி கோட் அடிக்கும்போது முதல் டின் தீர்ந்த இடத்தில், மேலிருந்து கீழ்வரை இரண்டும் பிரிந்து தெரிகின்றன. இரண்டு டின்களின் லேபிளிலும் பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்குக்கு இடும் எண், வேறு வேறு. இப்படி வந்தால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே அடிக்க வேண்டும், நல்ல பெயின்டருக்கு அது தெரியும் என்று உங்கள் பிரதிநிதி தொலைபேசியில் எனக்குப் பாடம் நடத்தினார். அந்தப் பெயின்டரை அனுப்பியதே நீங்கள்தான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அடுத்து அவர் சொன்னது: "பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பொறுத்துக் கண்ணுக்கு அப்படித் தெரியும்." அது பொய்யில்லை. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது சாயத்தில் பழுதில்லை, அருகில் நெய்த நிறங்களே காரணம் என்று கண்டுபிடித்தார். 1839-இல் அதை விரிவாக எழுதியும் வைத்தார். ஆனால் எங்கள் சுவரின் இரண்டு பாதிக்கும் பக்கத்தில் இருப்பது ஒரே சாம்பல், மேலே விழுவது ஒரே வெளிச்சம். அப்புறம் எப்படி ஒரு பாதி மட்டும் கறுக்கும்? செவ்ரல் வந்தாலும் உங்கள் டின்னைத்தான் கேட்பார்.

குஷன் உறைகளின் கதை வேறு. பகலில் சுவரோடு அழகாகப் பொருந்துகின்றன. சாயங்காலம் விளக்குப் போட்டதும் உறைகளும் திரையும் பச்சைக்குப் போய்விடுகின்றன, சுவர் நீலத்திலேயே நிற்கிறது. பெயின்ட்டில் இருப்பது நிறமி, துணியில் ஏறியிருப்பது சாயம். இரண்டும் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்து இன்னொன்றில் பிரிந்துபோவதற்கு மெட்டாமெரிசம் என்றே பெயர் இருக்கிறது. சாயத் தொழிலில் இதற்காகவே விளக்குப் பெட்டி வைத்து, பகலொளி, கடை விளக்கு, மஞ்சள் பல்பு என மாற்றி மாற்றி ஒப்பிடுவார்கள். உங்கள் ஷோரூமில் எல்லாமே பளீர் வெள்ளை விளக்குகள். எங்கள் வீட்டில், பல வீடுகளைப் போல, 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு. வரவேற்பறையில் மனிதர்கள் உட்காருவதே பெரும்பாலும் மாலையில்தான். அந்த வெளிச்சத்தில் பார்க்காமலே "அச்சு அசலாக ஒரே நிறம்" என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறீர்கள்.

"இரண்டு கோட் போதும்" என்று நீங்கள் சொன்னதும் நடக்கவில்லை. இவ்வளவு அழுத்தமான ஷேடுகளைக் கலக்கும் பேஸில், அதாவது நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்ட்டில், டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி மிகக் குறைவு, அதனால் மூடும் திறனும் குறைவு. அடியில் முதல் பூச்சாகச் சாம்பல் பிரைமர் அடித்திருக்க வேண்டும். உங்கள் ஆள் வெள்ளை பிரைமர் அடித்தார். ரோலர் போன தடம் இன்னும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

இவ்வளவையும் எழுதி அனுப்பியதற்கு உங்களிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "நிறம் என்பது அவரவர் ரசனை." மன்னிக்கவும், நான் ரசனையைப் பற்றிப் புகார் செய்யவில்லை. நிறம் இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பதால்தான் இந்தக் கடிதம். பூவேலையும் பல வண்ணமும் நிறைந்த அறையில் இந்தப் பிசகு யார் கண்ணிலும் பட்டிருக்காது. அடக்கமான அறையிலோ வருகிறவர் பார்வை நேராக அந்தச் சுவருக்குத்தான் போகும். போக வேண்டும் என்றுதான் நீங்களும் விற்றீர்கள், நாங்களும் வாங்கினோம். அங்கே பேட்ச் பார்க்காமல் டின் அனுப்புவது சின்னத் தவறில்லை.

ஆகவே, அந்தச் சுவர் முழுவதையும் உங்கள் செலவில் சாம்பல் பிரைமரிலிருந்து தொடங்கி, ஒரே பேட்ச் பெயின்ட்டால் மறுபடி அடித்துத் தர வேண்டும். டச்-அப் வேண்டாம், ஒட்டுப் போட்டால் இன்னும் அசிங்கமாகத் தெரியும். உறைகளையும் திரையையும் எங்கள் வீட்டு மாலை வெளிச்சத்தில் சுவரோடு வைத்துப் பார்த்து மாற்றித் தாருங்கள். அப்படியொரு துணி உங்களிடம் இல்லையென்றால் அவற்றுக்குரிய பணத்தைத் திருப்பிவிடுங்கள், நானே தேடிக்கொள்கிறேன். இரண்டு டின்களின் மூடியையும் மிச்சப் பெயின்ட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்வையிட ஆள் அனுப்புவதானால் விளக்குப் போட்ட பிறகு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், டின் லேபிள்களின் படங்கள், பகலிலும் இரவிலும் எடுத்த சுவர்ப் படங்கள்