நெடுந்தீவு உதைபந்தாட்ட அணியைக் கரைசேர்த்தவர்களுக்கு

எங்கள் அணிக்குத் தோள் கொடுத்த உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பிரதேச அணிகள் மோதும் மாவட்ட மட்டப் போட்டிக்குப் போன பெடியள் வீடு திரும்பி ஒரு கிழமை ஆகிறது. கிண்ணம் கொண்டு வரவில்லை. முதல் ஆட்டத்தில் வென்றோம், காலிறுதியில் தண்ட உதையில் தோற்றோம். ஆனால் இந்தப் பெடியளை அந்த மைதானம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை பேர் நித்திரை முழித்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. காரைநகர், ஊர்காவற்றுறை, வேலணை மூன்றும் தீவகம்தான், ஆனால் அங்கிருந்து பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணப் பட்டினத்தில் இறங்கலாம். நயினாதீவாரும் அனலைதீவு, எழுவைதீவு ஆட்களும் எங்களைப் போலப் படகை நம்பியவர்களே, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பிரிவு முழுவதும் கடலுக்கு அப்பால் இருப்பது நெடுந்தீவு மட்டும்தான். மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளில் ஜே/1 முதல் ஜே/6 வரையான ஆறுதான் எங்களுடையவை. அந்த ஆறுக்குள்ளே தேடித்தான் ஓர் அணியைக் கட்ட வேண்டும். யாழ்ப்பாணப் பிரதேச அணியென்றால் பாசையூர், குருநகர், நாவாந்துறை என்று பந்தோடு பிறந்த ஊர்கள் மூன்று அதற்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் நன்றி சொல்ல வேண்டியது இரண்டு வள்ளக்கார அண்ணைமாருக்கு.

எங்கள் ஆட்டம் பின்னேரம் என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. காலைக்கு மாற்றிய செய்தி முதல்நாள் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தது. கடைசிப் படகு போய்விட்டது. அடுத்தநாள் முதல் படகில் போனாலும் நேரத்துக்குப் பட்டினம் போய்ச் சேர முடியாது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கரையில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரம் முன்பின் ஆவது எங்களுக்கு ஒரு படகையே இல்லாமல் ஆக்கிவிடும். அடுத்தமுறை அட்டவணை போடும்போது இதைத் தயவுசெய்து யோசியுங்கள்.

கடலைக் குழப்புகிற சோழகக் காற்று, தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலம். விடிய நாலு மணிக்கு எங்கள் தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் போய் நின்றபோது இரண்டு வள்ளமும் ஆயத்தமாக நின்றன. மூத்த அண்ணை ஒவ்வொருவராக உயிர்காப்பு அங்கியின் வாரை இழுத்துப் பார்த்துத்தான் ஏற்றினார். சீருடைப் பையை வாங்கி உரப்பைக்குள் போட்டு, அதன்மேல் தறப்பாளைச் சுற்றி, தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கியபோது அவர் தலையிலிருந்து கால்வரை நனைந்து போயிருந்தார். தறப்பாளை அவிழ்த்தால் ஒரு சேட்டில்கூட உப்புத்தண்ணீர் படவில்லை. எண்ணெய்க் காசை நீட்டினேன். "வென்று வாங்கோ, பிறகு பாப்பம்" என்றார். இன்னும் வாங்கவில்லை.

அங்கிருந்து பட்டினம் போகிற 776 பஸ்ஸுக்குக் காத்து நின்றிருந்தால் ஆட்டம் கையை விட்டுப் போயிருக்கும். புங்குடுதீவு வான்காரத் தம்பி நித்திரைப் பாயில் இருந்து எழும்பி வந்து எங்களை ஏற்றினார். அப்படியும் இருபது நிமிடம் பிந்திவிட்டோம். மத்தியஸ்தரிடம் கேட்டு ஆட்டத்தைத் தங்களுக்கே எழுதுவித்துக்கொண்டு எதிரணி போயிருக்கலாம். அவர்களோ "கடலால வாற பெடியள், பொறுப்பம்" என்று வெயிலில் காத்து நின்றார்கள். ஒரு கோலால் அவர்களை வென்றோம். ஆட்டம் முடிந்ததும் எங்கள் கோல்காப்பாளரைத் தோளில் தட்டி முதலில் பாராட்டியதும் அவர்களுடைய அணித்தலைவர்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பழக்கிய ஆசிரியருக்கும் நெடுந்தீவு கடமைப்பட்டிருக்கிறது.

அந்தக் கோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் திடலில் காற்று ஓயாது. பந்தை உயர்த்தி அடித்தால் முருகைக்கல் வேலியைத் தாண்டி மட்டக்குதிரை மேய்கிற வெளிக்குப் போய்விடும். அதனால் பெடியள் பந்தை நிலத்தோடு வைத்தே பழகியவர்கள். அன்றும் நாலு கால் மாறி, புல்லை விட்டு எழும்பாமலே பந்து வலைக்குள் போனது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்த பிறகு காலிறுதி வரை இரண்டு இரவு தங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊர் அன்ரி ஒருவர் பதினெட்டுப் பேருக்கும் வீட்டைத் திறந்துவிட்டார். விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தார்கள். முதல்நாள் இரவு பனங்கட்டியோடு பிளேன்ரீ, அடுத்தநாள் இரவு ஒடியல் கூழ். அவ்வளவு பெரிய பானையை எந்தக் கோயிலில் இரவல் வாங்கினாரோ தெரியாது. இரவு பதினொரு மணிக்கு எழும்பிப் பார்க்கிறேன், தோய்த்த சேட்டுகளை மின்விசிறிக்கு முன்னால் கொடி கட்டிக் காயப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அயன் பண்ணிக்கொண்டிருந்தார். "ஈரச் சேட்டோட பிள்ளையள் இறங்கக் கூடாது தம்பி" என்றார். அன்ரி, உங்களுக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்வது?

வன்னியில் குடியேறிய எங்கள் சனம் காலிறுதி பார்க்கக் கிளிநொச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்தது. கனடா, இலண்டன், சுவிஸ் உறவுகள் அனுப்பிய காசில் சீருடையும் இரண்டு பந்தும் வாங்கினோம். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

அணியில் பாதிப்பேர் தொழிலுக்குப் போகிற பெடியள். அந்த மூன்று நாளும் அவர்களுடைய தகப்பன்மார், முழங்கால் நோவோடு கடலுக்குப் போன இரண்டு ஐயாமார் உட்பட, வலையை இழுத்தார்கள். அதனால்தான் வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஐயா, நீங்கள் மைதானத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த அணியில் நீங்களும் விளையாடினீர்கள்.

தண்ட உதையைத் தவறவிட்ட தம்பிக்கு ஊரில் ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதற்காக ஊருக்கே நன்றி.

கடைசியாக, எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு. பூட்ஸ் இல்லாமல் நின்ற ஏழு பேருக்குத் தன் பழைய கழகத்தில் கேட்டு ஏழு சோடி வாங்கித் தந்தீர்கள், சேர். ஆறு சோடியைக் கழுவி, காயவைத்து, கடதாசி அடைத்து நேற்றுப் படகில் கொடுத்துவிட்டேன். ஏழாவதின் அடி காலிறுதியில் கழன்றுவிட்டது. பட்டினத்தில் தைக்கக் கொடுத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கைக்கு வரும்.

அன்புடன்,
அணிப் பொறுப்பாளர்,
நெடுந்தீவு பிரதேச உதைபந்தாட்ட அணி