எழுந்து போனவர்களும் ரசிகர்களே

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய உளவியல் த்ரில்லர்கள் குறித்து ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹனேகேயின் ‘ஃபன்னி கேம்ஸ்’ (1997) படத்தைப் பாதியில் விட்டு வெளியேறுபவர்களுக்கு ரசனை போதாது என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பது சரியல்ல. பார்வையாளரைச் சீண்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட படம் அது. வெள்ளைக் கையுறை அணிந்த இளைஞன் முட்டை கேட்டு ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் வருகிறான்; அவனுடைய கூட்டாளியும் வந்து சேர்கிறான். பிறகு நடக்கும் கொடுமைகள் பெரும்பாலும் நம் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. எழுந்து போகிறவர்களுக்கு இந்தப் படம் தேவையில்லை, உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தேவை என்ற பொருளில் ஹனேகேயே பேசியிருக்கிறார். அப்படியிருக்க, வெளியேறியவரை இகழ நமக்கென்ன உரிமை?

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் இதைத் திரையிட்டபோது, தாய் துப்பாக்கியைப் பறித்து ஒருவனைச் சுட்டதும் அரங்கில் கைதட்டல் எழுந்தது. உடனே மற்றவன் ரிமோட்டைத் தேடியெடுத்து, நடந்ததையே பின்னோக்கி ஓட்டிவிடுகிறான். கைதட்டல் சட்டென நின்றது. “காசு கொடுத்து அவமானப்படணுமா?” என்று உரக்கக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் வெளியேறினார். (கட்டணம் ஏதும் வசூலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.) படத்தை அவர் சரியாகவே புரிந்துகொண்டார் என்பேன். விழா நடத்துவோர் இத்தகைய படங்களுக்கு நிகழ்ச்சி நிரலில் ஓர் எச்சரிக்கை வரியும், முடிவில் அரை மணி நேரக் கலந்துரையாடலும் சேர்க்கலாம். வெளியேறியவர்களையும் அதற்கு அழைக்க வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்